மாமனார் பெயரில் ஒரு கிருமி

நாலு பேர் முன்னால் மானம் போவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான். வேட்டி அவிழ்ந்து போனவர்கள் உண்டு, வாழைப்பழத் தோலில் வழுக்கி மணப்பெண்ணின் காலடியில் விழுந்தவர்கள் உண்டு. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஒரு வஸ்துவால் மானத்தை இழப்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை எனக்கு இருபத்து மூன்று வயதிலேயே நிரம்ப இருந்தது. கூடவே, நான் பெரிய அறிவாளி என்ற நினைப்பும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது பினாங்கில் எனக்கு இருந்த ஒரே சொத்து லத்தீன். சிறு வயதிலிருந்தே கோயிலில் பூசைக்கு உதவுகிறவன். சாமியார் முதல் வார்த்தையை ஆரம்பித்தால் மிச்சத்தை நான் மூச்சு விடாமல் முடித்துவிடுவேன். (அர்த்தம் கேட்கக்கூடாது. அது சாமியாருக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள விஷயம்.) வளர்ந்து மீசை முளைத்த பிறகும் நான் அந்த வேலையை விடவில்லை. அதற்குப் பக்தி காரணம் என்று என் தாயார் நம்பினார். உண்மைக் காரணம் பாடகர் வரிசையில் முதலாவதாக நின்று பாடிய ரெஜினா. பூசைக்கு உதவுகிறவன் ஜனங்களுக்கு முதுகைத்தான் காட்ட வேண்டும். அதனால் மணி அடிக்க, புத்தகத்தை இடம் மாற்ற, தண்ணீர்க் குப்பியை எடுக்க என்று, திரும்பக் கிடைக்கும் ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்காகவும் காத்துக் கிடப்பேன்.

அந்தச் சமயத்தில் ஃபென்விக் துரை என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு நோயாளிகளைப் பிடிக்காது, கிருமிகளைத்தான் பிடிக்கும். ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து அதன் பின்கட்டைச் சோதனைச் சாலையாக்கிக்கொண்டார். துறைமுகத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மண்ணெண்ணெய்க் கிட்டங்கி இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் தகர டின்கள் அங்கேதான் அடுக்கப்படும். ஒழுகுகிற டின்களின் எண்ணெய் எல்லாம் கரையில் இறங்கி, உப்புச் சேற்றோடு கலந்து, அந்த இடம் முழுவதும் கறுப்பாக மினுமினுத்துக்கொண்டிருக்கும். நண்டுகூட அந்தப் பக்கம் போகாது. ஆனால் அந்த எண்ணெயைத் தின்று, அந்த உப்பில் குளித்து வாழ்கிற ஏதோ ஒரு கிருமி அங்கே இருந்தே தீரும் என்பது துரையின் நம்பிக்கை. அதைக் கண்டுபிடித்து, அது என்ன இனம் என்று வகைப்படுத்த அவருக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டான். கிருமிகளின் பெயர்கள் எல்லாம் லத்தீனில் இருப்பதால், லத்தீன் தெரிந்த பையன் யாராவது உண்டா என்று எங்கள் பங்குச் சாமியாரைக் கேட்டார்.

சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். முப்பது வருஷமாகத் தமிழ் ஜனங்களோடு பழகியும் ஏடு வாசிப்பதுபோல்தான் தமிழ் பேசுவார். அவர் என்னைக் கைகாட்டிவிட்டார். "லத்தீன் தெரியுமா?" என்று துரை கேட்ட மாத்திரத்தில் நான் கையைக் கூப்பி, கண்ணை மூடி, நீளமான ஜெபம் ஒன்றைத் தொடங்கிவிட்டேன். என்னை நிறுத்துவதற்காகவே துரை வேலை கொடுத்துவிட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

வேலை இதுதான். அலை இறங்கிய நேரத்தில் கிட்டங்கியின் பின்பக்கம் போய்ச் சேற்றைத் தோண்டி, கண்ணாடிக் குப்பியில் அடைத்து வர வேண்டும். திரும்பி வரும்போது என் மேல் அடிக்கும் வாடைக்கு எந்த ரிக்‌ஷாக்காரனும் என்னை ஏற்ற மாட்டான். பிறகு கிருமிக்குச் சாப்பாடு தயார் செய்ய வேண்டும். அது வேறு ஒன்றுமில்லை, அகர் அகர்தான். நம் வீடுகளில் ரோஜாச் சர்பத் ஊற்றிச் செய்து, கண்ணாடித் தட்டில் உறைய வைத்து, குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்து வைப்பார்களே, அதே அகர் அகர். சீனிக்குப் பதிலாக உப்பும் இறைச்சிச் சாறும் போட வேண்டும், அவ்வளவே வித்தியாசம். அதன்மேல் சேற்றுத் தண்ணீரைத் துளி தடவி மூடி வைத்தால், நாள் போகப் போகப் புள்ளி புள்ளியாக ஏதாவது முளைக்கும். அந்தப் புள்ளியைப் பிரித்தெடுத்து விசாரணை தொடங்க வேண்டும்.

விசாரணை என்றால் பெண் கேட்டு வந்தவனை விசாரிப்பது போலத்தான். உருண்டையா, குச்சியா? நகருமா, சோம்பேறியா? ஊதாச் சாயம் ஊற்றினால் பிடித்துக்கொள்ளுமா, விட்டுவிடுமா? சர்க்கரை தின்னுமா? எவ்வளவு உப்பு தாங்கும்? ஒவ்வொரு பதிலுக்கும் துரையின் தடித்த புத்தகத்தில் ஒரு கதவு திறக்கும். திறந்துகொண்டே போனால் கடைசிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும். எந்தக் கதவும் திறக்கவில்லை என்றால் அது இதுவரை யாரும் பார்க்காத புது இனம். கண்டுபிடித்தவன் தன் இஷ்டப்படி அதற்குப் பெயர் வைக்கலாம். இதைத் துரை சொன்ன அன்றைக்கே என் புத்தி கெட ஆரம்பித்துவிட்டது.

ஏனென்றால், அந்தக் கிட்டங்கியின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளை, சவரிமுத்து என்பவர்தான் ரெஜினாவின் தகப்பனார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஒருநாள் அவர் வீட்டுக்கே போய்ப் பெண் கேட்டேன். அவர் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"தம்பி, என்ன வேலை பாக்குற?"

"கிருமி ஆராய்ச்சி, மாமா."

"மாமான்னு கூப்பிடாதே. அது இன்னும் முடிவாகல. எங்க கிட்டங்கிக்குப் பின்னால சேறு நோண்டுறவன் நீதானே?"

"ஆமாங்க."

"தைப்பிங்ல இருந்து ஒரு டிரெசர் கேட்டிருக்காரு. ஆஸ்பத்திரி உத்தியோகம். அவரு கிருமியைக் கொல்றவரு. நீ கிருமியை வளக்குறவன். பொண்ணை யாருக்குக் குடுக்கலாம், நீயே சொல்லு லா."

(பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவது எங்கள் ஊர் வழக்கம்.) கிறிஸ்துமஸுக்குள் தைப்பிங்குக்குப் பதில் எழுதப் போவதாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்தேன். ரெஜினா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இவள் இல்லாமல் எனக்கு ஒரு வாழ்க்கை கிடையாது என்று நெஞ்சுக்குள் நன்றாகவே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, சுமத்ராவிலும் எண்ணெய்ச் சேறு இருக்கிறது என்று யாரோ சொல்ல, துரை கப்பல் ஏறிவிட்டார். போகும்போது இரண்டு கட்டளை போட்டார். முதலாவது, கொதிக்க வைத்து இறக்கிய பிறகு அகர் அகரில் எதையும் சேர்க்கக்கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் சேறு தடவாத வெறுந்தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது கட்டளை எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஒன்றும் விதைக்காத நிலத்தில் என்ன முளைக்கும்? அதை எதற்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும்? வெள்ளைக்காரர்களுக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்று முடிவுகட்டினேன்.

துரை போன பிறகு என் தட்டுகளில் ஒன்றுமே முளைக்கவில்லை. எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் அகர் அகரைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புப் போதவில்லை. சேற்றின் கரிப்பு இதில் இல்லை. (சேற்றின் கரிப்பு எனக்கு எப்படித் தெரியும் என்று என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்.) உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது மனுஷனுக்கு மட்டும்தானா? என் தாயார் குழம்பை இறக்கிய பிறகு வாயில் விட்டுப் பார்த்து, போதாவிட்டால் ஒரு கை உப்புப் போடுவதைப் பிறந்தது முதல் பார்த்தவன் நான். கொதித்து இறக்கினதில் உப்புப் போடக்கூடாது என்று ஒருவர் சொன்னால் அவருக்குச் சமைக்கத் தெரியாது என்றுதானே அர்த்தம்?

நேராகக் கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் காதர் அண்ணனின் மளிகைக் கடைக்குப் போனேன். காகிதப் பை நிறையக் கல்லுப்பு கேட்டேன். "என்ன தம்பி, ஊருக்கே விருந்தா?" என்று சிரித்தார். "இல்லண்ணே, கிருமிக்கு" என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். உப்பைத் தண்ணீரில் கரையுமட்டும் கரைத்து, உறைந்துபோயிருந்த தட்டுகளின்மேல் தாராளமாக ஊற்றி, சேற்றைத் தடவி மூடினேன். மிஞ்சிய உப்புத் தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல், மிச்சமிருந்த ஒரு தட்டில் ஊற்றி, மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் போலப் போனது. ஒரு காலை மூடியைத் திறந்தால், தட்டுகளெல்லாம் சிவப்பு! சாதாரணச் சிவப்பா அது? ரோஜாவும் செம்பருத்தியும் சேர்ந்த மாதிரி ஒரு நிறம். உருப்பெருக்கியில் பார்த்தேன், குச்சிகள். சாயம் ஊற்றினேன், பிடிக்கவில்லை. உப்பு எவ்வளவு கொட்டினாலும் தாங்கியது. எண்ணெய் தின்னுமா என்று பார்க்க மண்ணெண்ணெயை ஒரு சொட்டு விட்டேன். சாகவில்லை. சாகவில்லை என்றால் சாப்பிடுகிறது என்றுதானே அர்த்தம்? தடித்த புத்தகத்தை எடுத்து, மண்ணில் வாழும் கிருமிகள் என்ற பகுதி முழுவதையும் சலித்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. மற்றப் பகுதிகளைப் புரட்டவில்லை. மண்ணில் கிடைத்ததை மண்ணில்தானே தேட வேண்டும்?

பெயர் என் வாயில் தானாக வந்து விழுந்தது. லத்தீனில் ஒருவருடைய பெயரைக் கிருமிக்கு வைத்தால் கடைசியில் 'இ' சேர்க்க வேண்டும், 'உடைய' என்று பொருள். குச்சிக் கிருமிக்கு லத்தீனில் பாசில்லஸ். ஆகவே, பாசில்லஸ் சவரிமுத்தி. இதைவிடப் பெரிய சீர்வரிசையை எந்த மாப்பிள்ளை மாமனாருக்குக் கொடுத்திருக்கிறான்? உலகம் உள்ளளவும் நிற்கும் பெயர்! சுமத்ராவுக்குத் துரைக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரிமுத்து வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, உங்க பேரை ஒரு கிருமிக்கு வெச்சிருக்கேன்."

சவரிமுத்து கோப்பித் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "என்னது?"

"கிருமிக்கு மாமா. புதுக் கிருமி. நான் கண்டுபிடிச்சது."

"காலராக் கிருமி மாதிரியா?"

"சேச்சே, அது மாதிரி இல்ல. இது உங்க கிட்டங்கிச் சேத்துல இருக்கு. எண்ணெய் மட்டும்தான் தின்னும்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "கிட்டங்கியில எண்ணெய் ஏன் குறையுதுன்னு எங்க துரை நேத்துதான் என்னைக் கேட்டாரு. டின்னு ஓட்டைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். சவரிமுத்துதான் எண்ணெய் தின்றான்னு நீ லத்தீன்ல எழுதி வெச்சிட்டியா?"

"ஐயோ மாமா, அப்படி இல்ல. பேரு பாசில்லஸ் சவரிமுத்தி..."

"முத்தியா? எங்கப்பன் எனக்கு முத்துன்னு பேரு வெச்சான். நீ முத்தியாக்கிட்ட. நான் ஆம்பளையா பொம்பளையா லா?"

"'இ'ன்னா 'உடைய'ன்னு அர்த்தம். சவரிமுத்துவுடைய கிருமி..."

"அப்போ அது என் உடம்புலயா இருக்கு?"

நான் வாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் குழி ஒரு முழம் ஆழமாகிக்கொண்டே போனது. கடைசியில் நான் வெளியே ஓடினேன். என் செருப்பில் ஒன்று எனக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. இன்னொன்றைத் திரும்பப் போய்க் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

என் கதை முடிந்தது என்று நினைத்து ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தேன். ஆனால் சவரிமுத்து ஆத்திரம் தாங்காமல் தம்முடைய கிட்டங்கித் துரையிடம் போய், இப்படி ஒரு பயல் என் பெயரைக் கெடுத்துவிட்டான், போலீசில் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார். அந்தத் துரை எழுந்து வந்து இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். தம்முடைய பாட்டனார் ஆயுசு முழுக்க வலையைத் தூக்கிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி துரத்தினாராம். ஒரே ஒரு பூச்சிக்காவது தம் பெயர் விழாதா என்ற ஏக்கத்தோடே செத்தாராம். "ராஜாக்களுக்கே இந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை, கிராணி" என்றாராம். அதுவரை கையைப் பிடித்துக் குலுக்கியறியாத துரை!

மறுநாள் காலை சவரிமுத்து அல்பாக்கா கோட்டுப் போட்டுக்கொண்டு சோதனைச் சாலை வாசலில் நின்றார். கையில் காகிதத்தில் சுற்றிய என் செருப்பு.

"தம்பி..." என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமி, "மாப்பிள்ளை" என்று திருத்திக்கொண்டார். "அது எங்க இருக்கு? எனக்குக் காட்டு."

உருப்பெருக்கியின் முன்னால் உட்கார வைத்தேன். வெகுநேரம் மூட வேண்டிய கண்ணைத் திறந்து, திறக்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு சரியாகிவிட்டது.

"இதுல எது நானு?"

"எல்லாமே நீங்கதான் மாமா."

"இவ்வளவு பேரா!" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே முடியாது. போகும்போது, 'முத்தி'க்குப் பதிலாக 'முத்தூஸ்' என்று கம்பீரமாகப் போட முடியாதா என்று மட்டும் கேட்டுப் பார்த்தார். லத்தீன் இலக்கணம் இடம் கொடுக்காது என்றேன். அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு துறைமுகம் முழுவதும் இதே பேச்சுதான். மூட்டை தூக்குகிறவர்கள் முதல் சுங்கக் கிராணிகள் வரை எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிட்டார். தைப்பிங் டிரெசருக்கு மன்னிக்கவும் என்று பதில் போய்விட்டது. மாமனார் பெயர் கொண்ட சவேரியார் திருநாளன்று வீட்டில் விருந்து, அங்கேயே எனக்கும் ரெஜினாவுக்கும் நிச்சயம், அத்தோடு கிருமியை ஊர் ஜனங்களுக்குக் காட்டுவது என்று ஏற்பாடு. சுமத்ராவிலிருந்து ஃபென்விக் துரை திரும்புகிற கப்பலும் அன்றைக்கே வருகிறது என்று கேள்விப்பட்டு, அவரைத் துறையிலிருந்து நேராக விருந்துக்குக் கூட்டிவர ஆளும் போட்டுவிட்டார். நான் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

திருநாள் காலையில், காட்சிக்கு வைக்க இருப்பதிலேயே அழகான தட்டாகப் பொறுக்குவோம் என்று சோதனைச் சாலைக்குப் போனேன். மேல் அலமாரியைத் துழாவியபோது கையில் ஒரு தட்டு அகப்பட்டது. மிஞ்சிய உப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தேனே, அந்தத் தட்டு. சேற்றைக் கண்ணாலும் பார்த்திராத தட்டு. மூடியைத் திறந்தேன். எல்லாவற்றையும்விட அதுதான் நல்ல சிவப்பாக இருந்தது.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கிருமி சேற்றிலிருந்து வரவில்லை, காதர் அண்ணனின் உப்பிலிருந்து வந்திருக்கிறது. தடித்த புத்தகத்தை எடுத்து, இதுவரை புரட்டாத பக்கங்களைப் புரட்டினேன். உணவுப் பண்டங்களைக் கெடுக்கும் கிருமிகள் என்ற பகுதியில் கதவுகள் வரிசையாகத் திறந்துகொண்டே போயின. கடைசிக் கதவுக்குப் பின்னால் என் கிருமி எப்போதோ வேறு யாரோ வைத்த பெயரோடு சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. கடலுப்பில் இருப்பதாம். கருவாட்டைச் சிவக்க வைப்பதாம்.

அழகான தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு (பழக்கதோஷம்) சவரிமுத்து வீட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன். ரெஜினா தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி, "உங்கப்பா கிட்ட இப்பவே சொல்லிடுறேன்" என்றேன்.

அவள் கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப சொன்னா என்ன ஆகும்?"

"தைப்பிங்குக்குத் தந்தி போகும்."

"தெரியுதுல்ல? அப்போ முதல்ல மோதிரம். அப்புறம் கிருமி. தட்டை அங்க வெச்சிட்டு, போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க."

அவ்வளவு தெளிவான மூளையை நான் அதுவரை எந்தச் சோதனைச் சாலையிலும் பார்த்ததில்லை. சாமியார் வந்ததும் ரெஜினா தாயாரின் காதில் ஏதோ ஓதினாள். தாயார் தகப்பனாரின் காதில் ஓதினார். சாப்பாட்டுக்குப் பிறகு என்றிருந்த நிச்சயம் சாப்பாட்டுக்கு முன்னால் என்று மாறிவிட்டது. சாமியார் மோதிரங்களை மந்திரித்தார், நாங்கள் மாட்டிக்கொண்டோம். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் ஆமென் மட்டும் கொஞ்சம் அவசரமாக வந்தது.

இதற்குள் கிருமித் தட்டை சவரிமுத்து கூடத்து மேசையின் நடுவில் வைத்து, மல்லிகை மாலை போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுதிரி ஏற்றியிருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். ஆனால் ஃபென்விக் துரை வந்து இறங்கியபோது மாலை ஒன்று குறைந்துவிட்டது. துரைக்கு மாலை இல்லாமல் முடியுமா? கிருமியின் மாலையைக் கழற்றித் துரையின் கழுத்தில் போட்டார்கள். காற்றுக்கு மெழுகுதிரிகள் அணைந்து போக, அவற்றையும் யாரோ எடுத்துவிட்டார்கள். மாமியார் தாம் செய்த ரோஜா அகர் அகர்த் தட்டுகளைக் கொண்டுவந்து அதே மேசையில் பரப்பினார். இப்போது மேசையில் ஒரு டஜன் கண்ணாடித் தட்டுகள். எல்லாவற்றிலும் சிவப்பாக ஏதோ குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் துரையை ஓரமாக இழுத்துப்போய் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது கூடத்தில் சாமியாரின் குரல் கேட்டது.

"மரியம்மா, உன் பட்சணம் பார்வைக்கு வெகு அலங்காரமாயிருக்கிறது. ஆனால் மிகவும் கரிக்கிறதே!"

திரும்பிப் பார்த்தேன். கையில் கரண்டி. மேசை நடுவிலிருந்த தட்டில் ஒரு பக்கம் காணோம்.

"சாமி!" என்று அலறினேன். "அது மாமா!"

சாமியார் என்னைப் பார்த்தார். சவரிமுத்துவைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். அதற்குள் கூட்டம் கலைந்து கூச்சலாகிவிட்டது. பெண்கள் ஜெபமாலையை எடுத்துவிட்டார்கள். "மண்ணெண்ணெய்க் கிருமி லா! நெருப்புக்கிட்ட நிக்காதீங்க சாமி!" என்று யாரோ கத்த, சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். ஃபென்விக் துரைக்கு முகம் வெளிறிவிட்டது. நான் அனுப்பிய கடிதத்தில் எண்ணெய் தின்னும் புதுக் கிருமி என்று படித்திருந்தவர் அவர். அது மனுஷக் குடலை என்ன செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடுகுத் தண்ணீர் கொண்டுவாருங்கள், வாந்தி எடுக்க வைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்கள் என்று உத்தரவு போட்டுக்கொண்டே சாமியாரின் தொண்டைக்குள் விரலை விடப் போனார்.

சாமியாருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. எனக்கு லத்தீனைக் கொடுத்தவர். அவரைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் மனுஷனே இல்லை. துரையின் கையைப் பிடித்து நிறுத்தினேன். எல்லாவற்றையும் இங்கிலீஷில் கொட்டினேன். இறக்கிய பிறகு சேர்த்த உப்பு, வைக்காத வெறுந்தட்டு, தானாகச் சிவந்த தட்டு, ஒன்று விடாமல்.

துரை கேட்டு முடித்தார். நீண்ட மூச்சு விட்டார். பிறகு ஜனங்களின் பயத்தைப் போக்குவதற்காகக் கூட்டத்தைப் பார்த்து, தமக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், எல்லோருக்கும் புரியும்படி உரக்கச் சொன்னார்.

"ஜாங்ஙான் தாக்குத்! இனி இக்கான் மாசின் புஞ்ஞா! இக்கான் மாசின் சாஜா!"

பயப்படாதீர்கள், இது கருவாட்டில் இருப்பது, வெறும் கருவாடு. துறைமுகத்து ஜனங்களுக்கு இங்கிலீஷ் புரியாமல் இருக்கலாம், லத்தீன் புரியாமல் இருக்கலாம். மலாய் புரியாதவன் பினாங்கில் ஒருவனும் கிடையாது.

பின்வரிசையிலிருந்து யாரோ "அப்போ நம்ம கிராணியார் கருவாடா?" என்று கேட்டார். அவ்வளவுதான், வீட்டுக் கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. சிரிக்காதவர்கள் மூன்றே பேர். நான், சவரிமுத்து, விருந்துக்கு வந்திருந்த காதர் அண்ணன். "என் கடை உப்புல கிருமியா?" என்று அவர் தனியாகக் கொதித்துக்கொண்டிருந்தார். "சுத்தமான உப்பு லா அது! கொஞ்சம் மண்ணு இருக்கும், கிருமி எல்லாம் கிடையாது!"

சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார். பிறகு சாமியாரிடம் போய்க் கேட்டார்.

"சாமி, மந்திரிச்ச மோதிரத்தைக் கழட்டலாமா?"

ரெஜினா என் பக்கத்தில் வந்து நின்றாள். சாமியார் மூன்றாவது தம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சவரிமுத்து, இன்று நான் உன்னை ஒரு கரண்டி விழுங்கியிருக்கிறேன். அதற்கு மேலே எதையும் ஜீரணிக்க எனக்குச் சக்தியில்லை. மோதிரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்."

இருந்தது. கல்யாணமும் நடந்தது. ஆனால் அன்றைக்குச் சூட்டப்பட்ட 'கருவாட்டுக் கிராணி' என்ற பட்டம் துறைமுகத்தில் கடைசிவரை அவரை விடவில்லை. அவரும் என்னை விடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். "அந்த ஆள்கிட்ட சோறு வேணுமான்னு கேளு" என்று, நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது மகளிடம் சொல்வார். நான் அவர் பெயரைப் பெரிசாக்க நினைத்து நாற வைத்துவிட்டேன். அந்த வேதனை எனக்கு உண்மையாகவே இருந்தது. உருப்பெருக்கியின் முன்னால் அவர் அடைந்த சந்தோஷம் அடிக்கடி ஞாபகம் வரும்.

துரை என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. வெறுந்தட்டோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். அந்தச் சேற்றிலிருந்து கடைசியில் ஒன்று கிடைத்தது. வெளிறிய, அழுக்கு மஞ்சள் நிறத்தில், பார்க்கச் சகிக்காத ஒரு புள்ளி. அது நிஜமாகவே எண்ணெயைத் தின்றது. எந்தக் கதவும் அதற்குத் திறக்கவில்லை. துரை அதற்கு எண் மட்டும் போட்டுச் சீமைக்கு அனுப்பினார். பெயர் வைப்பதைப் பற்றி என்னிடம் பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த வருஷம் எங்களுக்கு மூத்தவன் பிறந்தான். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சவரிமுத்து தாத்தாவாக முன்வரிசையில் நின்றார், என் பக்கம் திரும்பாமல். சாமியார் தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் எடுத்து, "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்று கேட்டார். தகப்பன் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன்.

ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. மாமனாரின் கை.

"நீ பேரு வெச்சது போதும் லா" என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். கோயில் என்றும் பாராமல் சாமியார் சிரித்துவிட்டார். ரெஜினா சிரித்தாள். பிறகு சவரிமுத்துவும், பொத்திய கையை எடுக்காமலே, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தக் கைக்குள் நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்த்திருப்பார்.

அன்றைக்கு எழுதப்பட்ட சட்டம்தான், இந்த வீட்டில் இன்னும் மாறவில்லை. எனக்கு ஐந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அதைவிட அதிகம். ஒன்றுக்குக்கூட நான் பெயர் வைத்ததில்லை. போன மாதம் கடைசிப் பேத்தி எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டியைத் தூக்கி வந்தாள். நான் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "இதுக்கு..." என்றுதான் ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து ரெஜினா, "வேண்டாம்!" என்றாள். அதைப் பூனை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.